500 டாலருக்கு வாங்கிய பெயர்

ஆயுள் உத்தரவாதத்தால் உயர்ந்த கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளின் சரிவு, இந்தியப் பட்டறைகளும் கவனிக்க வேண்டிய கதை

ஒரு பெயரின் விலை என்ன? 1927-ல் அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற பெயரை ஒரு சிறிய கருவிக் கம்பெனியிடமிருந்து 500 டாலருக்கு வாங்கியது. 2017-ல் அதே பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்துக்குச் சுமார் 90 கோடி டாலருக்கு விற்றது. பணக் கணக்கில் பார்த்தால் இவ்வளவு லாபகரமான கொள்முதல் வணிக உலகில் அபூர்வம். ஆனால் விற்ற மறு ஆண்டே சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. வாங்கியவருக்கு விற்பனை கிடைத்தது. பெயரோடு ஒட்டியிருந்த பழைய மரியாதை முழுதாகக் கிடைக்கவில்லை. இடையில் என்ன நடந்தது என்பது ஸ்பேனரும் திருப்புளியும் பிடிக்கிறவர்களுக்கு மட்டுமான கதை அல்ல. நம்பிக்கையை விற்றுப் பிழைக்கும் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

சியர்ஸின் சரித்திரமே நம்பிக்கையில் தொடங்கியது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் தபால் மூலம் கடிகாரம் விற்று ஆரம்பித்த நிறுவனம் அது. தலையணை கனத்தில் ஒரு கேட்லாக் அச்சடித்து, கடைத்தெருவே இல்லாத கிராமங்களுக்கு அனுப்பியது. சட்டை, தையல் மெஷின், ஏர்க்கலப்பை என எல்லாம் அதில் இருந்தன. ஒரு கட்டத்தில் வீடு கட்டத் தேவையான மரச்சாமான்களையும் அளவாக வெட்டி ரயிலில் அனுப்பியது. பொருளைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டுகிற விவசாயிக்கு ஒரே தைரியம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பதுதான். 1925-ல் சியர்ஸ் கடை திறக்கத் தொடங்கியபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து கிராஃப்ட்ஸ்மேன் பிறந்தது.

ஆரம்பத்தில் அது ஒன்றும் உயர்ந்த சரக்கு அல்ல. பண்ணை வேலைக்குப் போதுமான வார்ப்பிரும்புக் கருவிகள், அவ்வளவே. நிலைமையை மாற்றியது மோட்டார் கார். அமெரிக்கக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கின; வாங்கியவர்களே அதைப் பழுதும் பார்த்தார்கள். இன்ஜினில் இறுகிக் கிடக்கும் போல்ட்டைக் கழற்ற வார்ப்பிரும்பு உதவாது. குரோம் வனேடியம் கலந்த எஃகைச் சூடாக்கி, அச்சில் வைத்து அடித்து, பதம் ஏற்றி, பளபளக்கும் முலாம் பூசிய ஸ்பேனர்களை சியர்ஸ் கேட்டு வாங்கத் தொடங்கியது.

கைக்கருவியின் ரகசியமெல்லாம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. எஃகு கடினமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனரின் வாய் விரிந்துகொள்ளும். ஆனால் அளவுக்கு மீறிக் கடினமானால் கண்ணாடி மாதிரி உடையும். எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பதும், மறுபடி மிதமாகச் சூடாக்குவதும் இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிப்பதற்காக. மலிவான ஸ்பேனரால் வரும் நஷ்டம் ஸ்பேனரின் விலையோடு நிற்பதில்லை. அது வழுக்கினால் போல்ட்டின் தலை மழுங்கும். அதைக் கழற்ற வெல்டிங் வைக்க வேண்டும். கை நழுவினால் விரல் மூட்டு தோலுரியும். தினமும் பத்து மணி நேரம் கருவி பிடிக்கிறவருக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

இங்கேதான் சியர்ஸ் தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தது. கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவி எப்போது உடைந்தாலும் கடைக்குக் கொண்டுவரலாம், புதியது இலவசம். ரசீது வேண்டாம். எப்போது வாங்கினீர்கள், யார் வாங்கியது, எப்படி உடைந்தது என்ற கேள்வியெல்லாம் கிடையாது. தாத்தா வாங்கிய ராட்செட்டைப் பேரன் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போகலாம். பழைய சந்தையில் யாரோ விற்ற உடைந்த திருப்புளிக்கும் இதே மரியாதை உண்டு. அமெரிக்காவில் இந்த உத்தரவாதம் ஒரு நாட்டுப்புறக் கதை போலப் பரவியது. அப்பா மகனுக்குத் தரும் முதல் பரிசு கிராஃப்ட்ஸ்மேன் கருவிப் பெட்டி என்பது பல வீடுகளில் எழுதப்படாத சம்பிரதாயம்.

இதை ஒரு தர்ம காரியம் என்று நினைத்தால் தவறு. நல்ல ஸ்பேனர் லேசில் உடையாது. உடைந்ததைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களும் குறைவு. வருகிறவரோ வெறுங்கையோடு திரும்புவதில்லை. சட்டையோ, சலவை இயந்திரமோ ஏதாவது வாங்கிக்கொண்டு போவார். இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. மட்டமான சரக்கு தயாரானால் அது உடைந்து, நேராகக் கடை கவுன்ட்டருக்கே வந்துவிடும். நஷ்டம் சியர்ஸின் தலையில். சப்ளை செய்த தொழிற்சாலைக்கு மறுநாளே கேள்வி போகும். வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு, கம்பெனிக்கு ஒரு கடிவாளமாகவும் இருந்தது. தரத்தைக் குறைத்துக் காசு பார்க்கலாம் என்ற ஆசை எழுந்தால், அதைத் தடுக்க ஆளே வேண்டாம். உத்தரவாதமே தடுத்தது.

தொழிற்சாலைகள் பெரும்பாலும் சியர்ஸுடையவை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஸ்பேனர், சாக்கெட், ராட்செட் போன்றவற்றை நீண்டகாலம் செய்துகொடுத்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மூர் டிராப் ஃபோர்ஜிங் என்ற நிறுவனம். பிறகு அது ஈஸ்கோ என்று பெயர் மாறி, 1990-ல் டனாஹர் குழுமத்தின் கைக்குப் போனது. திருப்புளியும் குறடும் கொலராடோவின் வெஸ்டர்ன் ஃபோர்ஜ் ஆலையிலிருந்து வந்தன. 1960-களில் சியர்ஸின் கூட்டோடு தொடங்கப்பட்ட ஆலை அது. கருவியின் மீது கிராஃப்ட்ஸ்மேன் பெயருக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் எழுத்து பொறித்திருக்கும். ‘வி’ என்றால் மூர், ‘டபிள்யூ எஃப்’ என்றால் வெஸ்டர்ன் ஃபோர்ஜ். பழைய கருவி சேகரிப்பவர்கள் இன்றும் அந்த எழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகள் நன்றாகவே நடந்தது. காரணம், வாங்குகிற சியர்ஸுக்குக் கருவியைத் தெரிந்திருந்தது. பழுதானால் பொறுப்பேற்கும் கடமையும் இருந்தது.

வாடிக்கையாளரிடம் காட்டிய பெருந்தன்மையை சியர்ஸ் எல்லோரிடமும் காட்டியது என்று சொல்ல முடியாது. 1960-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் ஒரு சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயது இளைஞர், ராட்செட்டிலிருந்து சாக்கெட்டை ஒரே விரலால் கழற்றும் பொத்தானைக் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு வேலை செய்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். உரிமைக்கு சியர்ஸ் அவருக்குக் கொடுத்தது 10,000 டாலர். அந்தப் பொத்தானால் கோடிக்கணக்கில் சம்பாதித்த பிறகுதான் ராபர்ட்ஸுக்கு விஷயம் புரிந்தது. வழக்குப் போட்டார். அதன் மதிப்பை மறைத்து வாங்கியது மோசடி என்று 1977-ல் நடுவர் குழு தீர்ப்பளித்து 10 லட்சம் டாலர் வழங்கியது. மேல்முறையீடு, மறு வழக்கு என்று நீண்டு 1989-ல்தான் சமரசத்தில் முடிந்தது. இன்று பல கம்பெனிகளின் ராட்செட்டுகளில் பின்புறம் அந்த மாதிரிப் பொத்தான் ஒன்று இருப்பதைப் பார்க்கலாம்.

1990-களில் சியர்ஸ் ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் முதல் சில்லறை வணிகர் என்ற இடத்தை வால்மார்ட் பறித்தது. புகழ்பெற்ற அந்தப் பெரிய கேட்லாக் 1993-ல் நிறுத்தப்பட்டது. கருவி வாங்குகிறவர்களுக்கு ஹோம் டிப்போ, லோஸ் என்ற பிரம்மாண்டமான கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. மரம், பெயின்ட், குழாய் வாங்க அங்கே போகிறவர், ஒரு ஸ்பேனருக்காக மட்டும் ஏன் சியர்ஸுக்கு அலைய வேண்டும்? லோஸ் ‘கோபால்ட்’ என்றும், ஹோம் டிப்போ ‘ஹஸ்கி’ என்றும் சொந்தக் கருவிகளை விற்றன. அவற்றுக்கும் ஆயுள் உத்தரவாதம் கொடுத்தன. சியர்ஸின் அஸ்திரம் எல்லோர் கையிலும் வந்துவிட்டது.

2005-ல் முதலீட்டு வணிகரான எட்வர்ட் லாம்பர்ட், திவாலிலிருந்து மீண்டிருந்த கேமார்ட்டை சியர்ஸோடு இணைத்தார். இணைந்தபோது இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 3,500 கடைகள். 2018-ல் திவால் மனு கொடுத்தபோது மிஞ்சியவை ஏறக்குறைய 700. நடுவில் கடைகள் பொலிவிழந்தன. கருவிப் பகுதியில் விஷயம் தெரிந்த பழைய விற்பனையாளர்கள் குறைந்தார்கள். கிராஃப்ட்ஸ்மேன் மட்டும் இன்னும் மதிப்போடு இருந்ததால், சொத்து கரைந்த குடும்பத்தில் மிச்சமிருக்கும் நகையைப் போல அதை எல்லா அவசரத்துக்கும் பயன்படுத்தினார்கள். கேமார்ட்டில் வைத்தார்கள், 2010-ல் ஏஸ் ஹார்ட்வேர் கடைகளுக்கும் கொடுத்தார்கள்.

உண்மையான அடி வேறிடத்தில் விழுந்தது. 2010-ல் டனாஹர் தன் கருவித் தொழிலை இன்னொரு நிறுவனத்தின் கருவித் தொழிலோடு சேர்த்து ஏபெக்ஸ் என்ற கம்பெனியாக்கியது. அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பேனர்களிலும் சாக்கெட்டுகளிலும் பெரும்பகுதி சீனாவுக்கு இடம் மாறியது. 2013-ல் ஏபெக்ஸும் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கருவியைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள்.

அப்போதுதான் உத்தரவாதம் திரும்பிப் பாய்ந்தது. முப்பது வருடம் உழைத்த அமெரிக்க ராட்செட் உடைந்து, அதைக் கடையில் கொடுத்தவருக்குக் கிடைத்தது வேறு நாட்டில் செய்த, பிடித்தால் கைக்கு வேறு மாதிரி இருக்கிற ஒன்று. சில கடைகளில் புதியதே கிடைக்கவில்லை. உள்ளிருக்கும் பல்சக்கரத்தை மட்டும் மாற்றிப் பழையதையே கொடுத்தார்கள். அந்த ரகம் இப்போது இருப்பில் இல்லை என்ற பதிலும் வந்தது. சட்டப்படி பார்த்தால் வாக்கு மீறப்படவில்லை. உடைந்ததற்கு மாற்று கிடைத்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் மனதில் இருந்த வாக்கு வேறு: ‘இதே பொருள், இதே தரத்தில்’. பலர் உடைந்த பழையதையே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனார்கள். நம்பிக்கையை வளர்த்த அதே கவுன்ட்டர், அதன் சரிவை ஒவ்வொருவருக்கும் நேரிலேயே காட்டியது.

2017-ல் விற்பனை நடந்தது. கையில் 52.5 கோடி டாலர், மூன்று ஆண்டு கழித்து 25 கோடி, அதற்கு மேல் 15 ஆண்டுகளுக்கு விற்பனையில் ஒரு பங்கு என்பது ஏற்பாடு. அப்போது கிராஃப்ட்ஸ்மேன் சரக்கில் பத்தில் ஒரு பங்குதான் சியர்ஸ் குடும்பத்துக்கு வெளியே விற்றுக்கொண்டிருந்தது. மற்ற கடைகளில் வைத்தாலே விற்பனை பல மடங்காகும் என்பது ஸ்டான்லியின் கணக்கு. ஒப்பந்தத்தில் ஒரு விநோதமும் இருந்தது. பெயரை விற்ற பிறகும் 15 ஆண்டுகளுக்கு ராயல்டி இல்லாமல் அதே பெயரில் கருவி வாங்கி விற்கும் உரிமையை சியர்ஸ் வைத்துக்கொண்டது. ஆக ஒரே பெயரில் இருவர் சரக்கு. 2019-ல் ‘உண்மையான கிராஃப்ட்ஸ்மேன் யாருடையது’ என்ற விளம்பரச் சண்டை நீதிமன்றம் வரை போனது.

அதே 2017-ல் இந்தியாவிலும் ஒரு பெயர் கை மாறியது. 2014-ல் உத்தரபாரா ஆலை நின்ற பிறகு, ‘அம்பாசடர்’ என்ற பெயரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோவிடம் விற்றது. கார் செய்த ஆலை போகவில்லை, தொழிலாளிகள் போகவில்லை, பெயர் மட்டும் போனது. பெயரைத் தனியாகக் கழற்றி விற்க முடியும் என்பதை வக்கீல்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதோடு நினைவுகளும் கை மாறுமா என்பதுதான் வாங்குகிறவர் எடுக்கும் சூதாட்டம்.

ஸ்டான்லி அந்தச் சூதாட்டத்தைத் துணிச்சலாகவே ஆடியது. லோஸ் கடைகளில் 2018-ல் கிராஃப்ட்ஸ்மேன் நுழைந்தது. 2019-ல் டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் 9 கோடி டாலர் செலவில் ஆலை, 500 பேருக்கு வேலை, ஸ்பேனரும் சாக்கெட்டும் மறுபடி அமெரிக்காவிலேயே என்று அறிவித்தது. சம்பளச் செலவை ரோபோக்கள் ஈடுகட்டும் என்பது திட்டம். 2020-ல் கொரோனா வந்தது, வேலை தள்ளிப்போனது. புதிய தானியங்கி இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. காத்திருந்த ரசிகர்களின் கைக்கு அமெரிக்க ஸ்பேனர் சரியாக வந்து சேருவதற்குள், 2023 மார்ச்சில் ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. சுமார் 175 பேர் வேலை இழந்தார்கள். திருப்புளி செய்த வெஸ்டர்ன் ஃபோர்ஜ் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது. அடித்து உருவாக்கும் வேலையில் கைப்பழக்கம் தலைமுறையாகச் சேர்வது. அது ஒருமுறை கலைந்தால், பணத்தால் கட்டடத்தையும் இயந்திரத்தையும்தான் திரும்ப வாங்க முடிகிறது.

பழைய பெருமையை எல்லாம் அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. அன்றைய சாதாரண கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட்டில் 36 பற்கள். அடுத்த பல்லுக்குப் போக கைப்பிடியைப் பத்து டிகிரி திருப்ப வேண்டும். இன்றைய தைவான் ராட்செட்டுகளில் 72, 90, 120 பற்கள்கூட உண்டு. 120 பல் என்றால் மூன்று டிகிரி அசைந்தால் போதும். கை நுழையாத இன்ஜின் சந்தில் இது பெரிய வித்தியாசம். தைவானின் தைச்சுங் வட்டாரப் பட்டறைகள் செய்யும் கருவிகளை அமெரிக்க மெக்கானிக்குகளே மதித்து வாங்குகிறார்கள். நாடு மாறியதால் மட்டும் தரம் போனது என்று சொன்னால் அது பாதி உண்மை. எந்த விலைக்கு, எந்தத் தரத்தில் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்கள் என்பது மீதிப் பாதி.

அப்படியானால் கிராஃப்ட்ஸ்மேனை விட்டவர்கள் எங்கே போனார்கள்? தொழில்முறை மெக்கானிக்குகளுக்கு எப்போதும் ஸ்னாப்-ஆன் உண்டு. 1920-ல் பிறந்த அந்தக் கம்பெனியின் வேன் பட்டறை வாசலுக்கே வரும், தவணையில் கொடுக்கும், உடைந்தால் அங்கேயே மாற்றித் தரும். ஆனால் விலை தலை சுற்றும். வீட்டில் கார் பழுது பார்க்கிறவருக்குக் கட்டுப்படியாகாது. கிராஃப்ட்ஸ்மேன் நின்ற நடு இடம் காலியாகிவிட்டதால் அதற்குத்தான் போட்டி.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹார்பர் ஃப்ரெய்ட் அந்த இடத்தைக் கீழேயிருந்து பிடித்தது. 1977-ல் தபால் வணிகமாகத் தொடங்கி, மலிவுச் சரக்கு என்ற கேலிப் பேச்சையும் தாங்கிக்கொண்டு, சீனாவிலும் தைவானிலும் செய்வித்து 1,500-க்கும் மேற்பட்ட கடைகளில் விற்கிறது. கைக்கருவிக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு. கடை பக்கத்திலேயே இருப்பதால் மாற்றுவதும் சுலபம். மிச்சிகனின் டெக்டன் இன்னொரு வழியைப் பிடித்தது. கடையே இல்லாமல் நேரடியாக விற்கிறது. கருவி உடைந்தால் ஒரு புகைப்படம் அனுப்பினால் போதும், மாற்று வீட்டுக்கே வந்துவிடும். கேள்வி கேட்காத கவுன்ட்டரை சியர்ஸ் கைவிட்டபோது, அதைத் தபால் பெட்டிக்கு மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள்.

மூன்றாவது வகை இன்னும் சுவாரசியமானது. ஒரே பொருளை, சொந்த ஆலையில், தலைமுறையாகச் செய்கிறவர்கள். சிகாகோவில் 1857-ல் ஒரு தந்திக் கம்பித் தொழிலாளியின் உடைந்த குறட்டைச் சரிசெய்து கொடுத்ததிலிருந்து தொடங்கிய கிளைன் குடும்பம் இன்றும் எலக்ட்ரீஷியன்களுக்குக் குறடு செய்கிறது. பென்சில்வேனியாவின் சேனல்லாக் 1886-லிருந்தும், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து நிபெக்ஸ் 1882-லிருந்தும் குறட்டோடுதான் வாழ்கின்றன. தலையும் பிடியும் ஒரே எஃகில் செய்த சுத்தியலுக்கு ராக்ஃபோர்டின் எஸ்ட்விங். கிராஃப்ட்ஸ்மேன் பிறந்த அதே 1927-ல் தொடங்கிய ரைட் டூல், ஓஹாயோவின் பார்பர்டன் ஊரில் இன்றும் ஸ்பேனர் அடித்துக்கொண்டிருக்கிறது. இவர்களில் யாரும் சலவை இயந்திரம் விற்றதில்லை. கருவி கெட்டால் ஒளிந்துகொள்ள வேறு வியாபாரம் இல்லை.

அதனால் அமெரிக்க மெக்கானிக் இப்போது ஒரே பெயரைப் பார்த்துப் பெட்டி முழுவதையும் வாங்குவதில்லை. குறடு ஒருவரிடம், சுத்தியல் இன்னொருவரிடம், சாக்கெட் செட் வேறொருவரிடம் என்று பொறுக்கி வாங்குகிறார். ஆனால் முதல் முறை பெட்டி வாங்குகிற இருபது வயது இளைஞனுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவனுக்காகத்தான் அந்தக் காலத்தில் ஒரு பெயர் இருந்தது. பெயர் இப்போதும் கடை அலமாரியில் இருக்கிறது, சிவப்பு வண்ணத்தில், ஆயுள் உத்தரவாதத்தோடு. அவனுக்காகத் தேர்ந்து எடுத்துக் கொடுக்கும் வேலையை அது முன்போலச் செய்வதில்லை என்பதே அப்பாக்களின் குறை.

இந்திய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே. ஜலந்தரிலும் லூதியானாவிலும் ராஜஸ்தானின் நாகௌரிலும் நூற்றுக்கணக்கான பட்டறைகளில் ஸ்பேனரும் குறடும் சுத்தியலும் தயாராகின்றன. ஒருவர் அடித்துக்கொடுப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் முலாம் பூசுவார். அதில் கணிசமான பகுதி வெளிநாட்டுக் கடைகளின் பெயர் பொறிக்கப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. செய்த பட்டறையின் பெயர் அதில் இருக்காது. நீதி ஆயோக் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியாவின் கைக்கருவி ஏற்றுமதி சுமார் 60 கோடி டாலர். உலகச் சந்தையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. சீனாவின் பங்கு ஏறக்குறைய பாதி. எஃகு விலை, வட்டி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து சீனாவைவிட இந்தியச் சரக்குக்கு 14 முதல் 17 சதவீதம் செலவு கூடுகிறது என்றும் அறிக்கை கணக்கிடுகிறது.

இந்தச் செலவு வித்தியாசத்தை எஃகிலும் பதத்திலும் கைவைத்துச் சமாளிக்கலாம் என்ற சபலம் எந்தப் பட்டறைக்கும் வரும். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு வணிகரும் அதற்குத் தடை சொல்லமாட்டார். பெயர் அவருடையது, ஆனால் அடுத்த வருடம் அவர் வேறு நாட்டுக்குப் போய்விடலாம். சியர்ஸுக்குச் செய்துகொடுத்த ஆலைகள் அறுபது வருடம் நல்ல ஸ்பேனர் அடித்தன. பெயர் தங்களுடையதாக இல்லாததால், ஆர்டர் இடம் மாறியபோது அவற்றுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் மிஞ்சவில்லை. கொலராடோவில் நடந்தது ஜலந்தரிலும் நடக்கலாம்.

எதிர் உதாரணமும் இங்கேயே இருக்கிறது. நாசிக்கில் ஆலை வைத்திருக்கும் டபாரியா, 1960-களில் உருவான கம்பெனி. ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு ஆரம்பித்தது. விளம்பரம் என்று பெரிதாக எதுவும் செய்ததில்லை. ஆனாலும் எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் கட்டிங் பிளேயருக்கு அந்தப் பெயர் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை தெரியும். கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் காட்டினால், “டபாரியா இல்லையா?” என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் எந்த ஹார்ட்வேர் கடையிலும் உண்டு. அந்தக் கேள்விக்கு எந்த வங்கியும் விலை போட்டுக் கடன் தராது. ஆனால் அதுதான் முதல்.

இந்தியக் கைக்கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாதது அந்த இன்னொரு பாதி: உடைந்தால் கொண்டுவா என்று சொல்லும் கவுன்ட்டர். இங்கே வாங்கிய ஸ்பேனர் வாய் பிளந்தால் பழைய இரும்புக்குப் போடுவதே வழக்கம். ஒன்றுக்கு மூன்று ஸ்பேனர் வாங்கும் செலவு, மாதச் சம்பளம் இல்லாத மெக்கானிக்கின் தலையில் விழுகிறது. பட்டறைக்காரருக்கோ தன் சரக்கு எங்கே, எப்படி உடைந்தது என்று தெரியவே தெரியாது. ஏற்றுமதிக்கு மானியம், சுங்கச் சலுகை, தொழிற்பேட்டை என்று கேட்கிற சங்கங்கள் இதையும் யோசிக்கலாம். ஜலந்தரில் மத்திய கைக்கருவி நிலையம் இருக்கிறது. எஃகையும் பதத்தையும் சோதிக்க வசதி இருக்கிறது. ஒரு வட்டாரத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே முத்திரை, ஒரே சோதனை, உடைந்தால் மாற்று என்று உள்ளூர்ச் சந்தையில் இறங்கினால், முதல் சில ஆண்டுகள் நஷ்டம் வரும். திரும்பி வரும் ஒவ்வொரு உடைந்த ஸ்பேனரும் எங்கே தவறு என்று சொல்லிக்கொடுக்கும்.

கிராஃப்ட்ஸ்மேன் அப்படித்தான் வளர்ந்தது. 1927-ல் அந்தப் பெயருக்கு 500 டாலர்தான் மதிப்பு. மீதியைச் சேர்த்தது அறுபது, எழுபது வருடம் உடைந்த கருவிகளை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட கடைச் சிப்பந்திகளும், அவை அதிகம் உடையாமல் பார்த்துக்கொண்ட உலைத் தொழிலாளிகளும். 2017 ஒப்பந்தத்தில் அவர்கள் யாரும் சேர்க்கப்படவில்லை.